ஆறு கோப்புகளில் எழுதிய ஓர் எண்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, அவருடைய கைபேசியில் எங்கள் செயலியை நிறுவ முயன்றேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தங்களிடமிருக்கும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் கடிதங்களையும் படமெடுத்துப் பாதுகாத்து வைப்பதற்காக, நண்பர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய சிறிய அன்ட்ரொய்ட் செயலி அது. பிளே ஸ்டோர் மறுத்துவிட்டது. இந்தச் சாதனம் இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

“இந்தப் போனுக்கு ஏலாதாமே பிள்ளை?” என்று அம்மா கேட்டார். வெளிநாட்டிலுள்ள மகள் பாவித்துவிட்டு அனுப்பிய, அன்ட்ரொய்ட் 6 இல் இயங்கும் போன். முந்தைய மாதம் அதே பதிப்புப் போன்களில் எங்கள் செயலி வேலை செய்ததை நான் பார்த்திருந்தேன்.

நான் ஊடகக் கற்கை படித்தவள். செயலியின் தமிழ் வாசகங்களை எழுதுவதுதான் என் பங்கு. ஆனாலும் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று நண்பர்களோடு இருந்து தேடினேன். மென்பொருள் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு செயலியை இப்போது ஒரே துண்டாக எழுதுவதில்லை. உள்நுழைவு, படமெடுத்தல், சேமிப்பு, தேடல் என்று பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு பிரிவும் ஒரு மொடியூல். எங்களிடம் ஆறு இருந்தன. எழுதிய நிரல்களைச் சேர்த்து, போனில் நிறுவக்கூடிய கோப்பாக மாற்றும் வேலையை கிரேடில் என்ற கருவி செய்கிறது. ஒவ்வொரு மொடியூலுக்கும் தனித்தனி கிரேடில் கோப்பு உண்டு. எந்தப் பதிப்பை வைத்துத் தொகுப்பது, ஆகக் குறைந்தது எந்த அன்ட்ரொய்ட் தேவை, எந்தச் சோதனைகளை நடத்துவது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதாவது, ஒரே விபரத்தை ஆறு தடவை எழுதியிருந்தோம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வித்தியாசம், குடும்ப அட்டையில் இன்னொன்று. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க அலைந்தவர்கள் எத்தனை பேர்!

எங்களுக்கு நடந்ததும் அதுதான். மினிமம் எஸ்டிகே என்ற எண், செயலியை நிறுவக்கூடிய ஆகப் பழைய அன்ட்ரொய்டைக் குறிக்கிறது. 21 என்றால் 2014 இல் வந்த அன்ட்ரொய்ட் 5. 23 என்றால் அன்ட்ரொய்ட் 6. 24 என்றால் 2016 இல் வந்த அன்ட்ரொய்ட் 7. எங்கள் ஐந்து மொடியூல்களில் 21 இருந்தது. படமெடுக்கும் மொடியூலைப் புதிதாகத் தொடங்கியபோது, அன்ட்ரொய்ட் ஸ்டூடியோ தானாக நிரப்பித் தந்த 24 அப்படியே நின்றுவிட்டது. செயலியின் எண் அதனுள் இருக்கும் மொடியூலின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தொகுப்பு நின்றுவிடும். கடைசிக் கவுண்டரில் இருக்கும் அலுவலர் போல. நேரமில்லாத ஒரு நண்பர் மற்ற ஐந்தையும் 24 ஆக்கினார். சிவப்பு எழுத்துகள் மறைந்தன. குழுவில் எல்லோரிடமும் புதிய போன்கள் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த மொடியூலுக்கு உண்மையில் 24 தேவைப்படவும் இல்லை.

தேடும்போது இன்னொன்றும் அகப்பட்டது. மொழிபெயர்ப்பு விடுபட்டிருந்தால் பிழை காட்டும் லின்ட் சோதனையை, சேமிப்பு மொடியூலில் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். தமிழ் வாசகம் இல்லாவிட்டால் அன்ட்ரொய்ட் இயல்பு மொழிக்குப் போய்விடும். ‘இந்தப் பிரதியை அழிக்கவா?’ என்று கேட்கும் திரை ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது. முதலாவது பிழையைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

ஒரே இடத்தில் எழுதுவதற்குப் பல வழிகள் உண்டு. பழைய வழி, மூலக் கோப்பில் சப்புரொஜெக்ட்ஸ் என்ற பகுதியை எழுதி எல்லா மொடியூல்களுக்கும் அங்கிருந்தே கட்டளையிடுவது. சுலபம்தான். ஆனால் ஒரு மொடியூலின் கோப்பைத் திறப்பவருக்கு அதன்மேல் என்ன விதி இருக்கிறது என்று தெரியாது. கிரேடில் ஆவணங்களும் இதை ஊக்குவிப்பதில்லை.

நாங்கள் தெரிவுசெய்தது கொன்வென்ஷன் பிளகின். பில்ட்-லொஜிக் என்ற பெயரில் ஒரு கோப்புறையை வைத்து, செட்டிங்ஸ் கோப்பில் அதை இணைக்க வேண்டும். அதற்குள் இரண்டு சிறிய பிளகின்கள்: ஒன்று செயலிக்கு, மற்றது மொடியூல்களுக்கு. பொதுவான எண்கள், சோதனைகள் எல்லாம் அங்கே. மொடியூலின் கோப்பில் அந்தப் பிளகினின் பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே அந்த மொடியூலுக்கே உரியவை மட்டும். கூகுள் பகிரங்கமாக வைத்திருக்கும் ‘நவ் இன் அன்ட்ரொய்ட்’ மாதிரிச் செயலியில் இந்த அமைப்பைத் திறந்து பார்க்கலாம்.

வேர்ஷன் கட்டலொக் என்பது வேறு. 2021 இல் கிரேடில் 7.0 உடன் பரீட்சார்த்தமாக வந்து, 7.4 இல் நிலைபெற்றது. லைப்ரரிகளின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் ஒரு பட்டியலாக வைத்திருக்கும். விலாசப் புத்தகம் மாதிரி. அது விதி எதையும் நடைமுறைப்படுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘கட்டலொக் போட்டோமே, ஏன் இன்னும் எண்கள் வேறுபடுகின்றன?’ என்று நாங்களே ஒரு கிழமை திணறினோம்.

இன்னொரு பொறி: பிளகின் 21 என்று சொன்னாலும், மொடியூலின் சொந்தக் கோப்பில் அதற்குக் கீழே 24 என்ற பழைய வரி மிஞ்சியிருந்தால், அதுதான் செல்லும். பழைய வரிகளைத் தேடி அழித்தால்தான் மாற்றம் முழுமை. நாங்கள் ஒன்றைத் தவறவிட்டோம்.

ஒன்றிரண்டு மொடியூல்கள் மட்டும் உள்ளவர்கள் இதற்கெல்லாம் மினக்கெட வேண்டாம். நான்கைந்து தாண்டினால் பயன் தெரியும். பிளே ஸ்டோர் ஒவ்வொரு வருடமும் இலக்குப் பதிப்பை உயர்த்தச் சொல்கிறது. 2024 ஓகஸ்ட் 31 இற்குள் 34, அடுத்த வருடம் அதே திகதிக்குள் 35. அதோடு தொகுக்கும் எண்ணையும் எல்லா மொடியூல்களிலும் உயர்த்த வேண்டும். இப்போது எங்களுக்கு அது ஒரே கோப்பு.

மினிமம் எஸ்டிகே வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதும்படி கேட்டேன்: “பழைய போன்கள் இன்னும் பாவனையில் உள்ளன. கூட்டுவதற்கு முன் குழுவில் கேட்கவும்.” பின்னர் வெளியார் லைப்ரரி ஒன்று 23 கேட்டது. இம்முறை நண்பர் எண்ணைத் தொடவில்லை, தொலைபேசி எடுத்தார். அம்மாவின் போன் 23 இற்குள் அடங்கும். அன்ட்ரொய்ட் 5 வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் அடங்கவில்லை. நேரில் போய் அவர்களுடைய பிரதிகளை வேறு போன்களுக்கு மாற்றிக் கொடுத்த பிறகே எண்ணை மாற்றினோம்.