எலிமென்ட்டில் கட்டிய சீட்டு

இணையத்தில் புடவை விற்கும் ஒரு பக்கத்தில் முப்பது படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘கூடையில் சேர்’ பட்டன். முப்பதுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றுதான். அழுத்தியது எந்தப் புடவைக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் புடவையின் குறியீடு போன்ற விவரங்களை கிளாஸ், டைட்டில் போன்ற அட்ரிபியூட்களில் திணித்தார்கள். டைட்டிலில் வைத்தால் மவுஸ் பட்டதும் அந்தக் குறியீடு வாங்க வந்தவர் கண்முன் மிதக்கும். 2014-இல் டபிள்யூ3சி பரிந்துரையான எச்டிஎம்எல்5, ‘டேட்டா-’ என்று தொடங்கும் அட்ரிபியூட்களை இதற்கென்றே ஒதுக்கியது. நிரல் அவற்றை எலிமென்ட்டின் ‘டேட்டாசெட்’ வழியாகப் படிக்கும்.

இதில் பலருக்கும் உள்ள மனக்குறை, எதை வைத்தாலும் ஸ்ட்ரிங்காகவே திரும்பும் என்பது. விலை 100-உடன் 50-ஐக் கூட்டினால் 10050 வரும். இருப்பு இல்லை என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று எழுதினால், அது காலி ஸ்ட்ரிங் அல்ல என்பதால் இஃப் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். தீர்ந்துபோன புடவை விற்பனைக்கு வந்துவிடும். ஆனால் எச்டிஎம்எல் சர்வரிலிருந்து வெறும் எழுத்தாகத்தான் வருகிறது. எண், பட்டியல் என்ற வகையெல்லாம் வழியில் இருப்பதே இல்லை. ஆகவே வகையை நிரல் எழுதுபவரே சொல்லி மாற்றுவதுதான் சரி. ஜேகுவெரி நூலகத்தின் டேட்டா ஃபங்ஷன் தானே ஊகித்து மாற்றித் தருகிறது. வசதிதான், ஆனால் 12345 என்ற சரக்குக் குறியீடு எண்ணாகிவிட, ஏ12345 ஸ்ட்ரிங்காக நிற்கும். ஒரே பட்டியலில் இரண்டு வகை! நிறங்களின் பட்டியல் போன்றவற்றை ஜேசனாக எழுதி, ஜேசன் பார்ஸ் கொண்டு பிரிக்கலாம். அட்ரிபியூட்டைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோளும் ஜேசனுக்குள் உள்ள இரட்டை மேற்கோளும் மோதிக்கொள்ளும். சர்வரே உள்ளே இருப்பவற்றை எஸ்கேப் செய்து அனுப்ப வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, 2015-இல் வந்த வீக்மேப் இருக்கிறதே என்பார்கள். எலிமென்ட்டையே சாவியாக வைத்து எந்த ஆப்ஜெக்ட்டையும் அதில் சேர்க்கலாம். எலிமென்ட் பயன்பாட்டிலிருந்து நீங்கினால் பதிவும் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்காது. பிரவுசருக்குள் பிறக்கும் தரவுக்கு அதுவே மேல். சர்வர் எழுதியனுப்பும் பக்கத்திலோ வீக்மேப்புக்கு இடமே இல்லை; அதை சிஎஸ்எஸ்ஸாலும் பார்க்க முடியாது. தரவு பெரிதென்றால் பக்கத்திலேயே ஒரு ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஜேசனாக வைத்துவிட்டு, பட்டனில் குறியீட்டை மட்டும் விட்டால் போதும். விலையையும் அட்ரிபியூட்டில் எழுதலாம், காட்டுவதற்கு மட்டும். டெவ்டூல்ஸைத் திறந்து யார் வேண்டுமானாலும் அதைத் திருத்திவிடலாம் என்பதால், பில் போடும்போது சர்வர் குறியீட்டைக் கொண்டு தன் தரவுத்தளத்திலிருந்தே விலையை எடுக்க வேண்டும்.