எறும்பின் இனம் இடுப்பில் தெரியும்

வன்னியில் மாமரம் ஏறியவர்களுக்கு முசுறைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. கடித்துவிட்டு, வயிற்று நுனியை வளைத்துக் கடிவாயில் போமிக் அமிலத்தைப் பீச்சும், எரிவு அதனால்தான். முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. எறும்பு ஆய்வாளருக்கு அதுவும் முக்கிய தகவல். நிறத்தையும் பருமனையும் மட்டும் வைத்து அவர் முடிவுக்கு வருவதில்லை. ஒரே கூட்டிலேயே வேலைக்கார எறும்புகள் சிறிதும் பெரிதுமாக இருக்கும்.

அவர் பார்ப்பது இடுப்பை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கணு ஒன்றா, இரண்டா? முசுறுக்கும் கட்டெறும்புக்கும் ஒன்று. சுருக்கென்று கொட்டும் நெருப்பெறும்புக்கு இரண்டு. அடுத்து, உணர்கொம்பில் எத்தனை துண்டங்கள், தாடையில் எத்தனை பற்கள், கண் தலையில் எங்கே இருக்கிறது, உடல் வழுவழுப்பா சொரசொரப்பா என்று நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகக் குறிப்பார். தலையின் நீள அகலத்தையும் அளப்பார். ஏற்கெனவே பெயரிட்ட இனங்கள் எதனோடும் அவை பொருந்தாவிட்டால்தான் புதிய இனம் என்ற பேச்சே எழும்.

இதற்குச் சிறந்த சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1892 இல் பிரெஞ்சு ஆய்வாளர் யூஜின் சிமோன் இலங்கையில் சேகரித்தவற்றுள் ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் எறும்பும் இருந்தது. மறு ஆண்டு இத்தாலியரான கார்லோ எமரி அதை விவரித்தார். நீண்ட காம்போடு ஒற்றைக் கணு, கூடவே நன்கு வளர்ந்த கொடுக்கு. இந்தச் சேர்க்கை அறிந்த பேரினம் எதிலும் அடங்காததால் புதுப் பேரினமே வகுத்து, அனியுரெட்டஸ் சிமோனி என்று பெயரிட்டார். அதன் உறவுகள் பால்டிக் அம்பரில் புதைபடிவங்களாகவே கிடைத்துள்ளன. அந்தப் பேரினம் அடங்கிய துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது இந்த ஓர் இனம்தான். உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. 1955 இல் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டில் அதை மீண்டும் தேடிக் கண்டார்.

அது ஈரவலயத்து எறும்பு. பாலையும் வீரையும் நிற்கும் நம் உலர்வலயக் காடுகளோ, போர்க்காலத்தில் ஆய்வாளர்கள் எளிதில் கால்வைக்க முடியாதவையாக இருந்தன. இப்போது வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. வன்னி எறும்புகளை வன்னிப் பிள்ளைகளே ஆராய வேண்டும். உரிய அனுமதியோடு காட்டுக்குப் போங்கள். பிடித்த எறும்பை அற்ககோல் போத்தலில் இட்டதும், இடம், திகதி, எந்த மரம் என்பதைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். அந்தத் துண்டுக் கடதாசி இல்லாத எறும்பு ஆய்வுக்கு உதவாது.