ஒரு கிட்னி போனா பாதி பலம் போயிடுமா?

அப்பாவோட வலது கிட்னியைக் கேன்சர் கட்டியோட சேர்த்து எடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு வந்த ரிப்போர்ட்ல கிரியாட்டினின் 0.9-லேர்ந்து 1.3 ஆகியிருந்தது. கேன்சர் திரும்பிடுச்சோன்னு எனக்குக் கை நடுங்குச்சு.

ஆனா கிரியாட்டினின் கேன்சரைக் காட்டுற டெஸ்ட் இல்லை. கிட்னி ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுதுன்னு கணக்குப்போட உதவுறது. ஒண்ணு போனா சரிபாதி குறையும்னுதான் நினைப்போம். மீதி கிட்னி நல்லா இருந்தா, கொஞ்சம் பெருத்து கூடுதல் வேலையை ஏத்துக்கும்; பெரும்பாலும் பழைய அளவில் 60, 70 சதவீதம் கிடைச்சிடும்.

அப்பாவுக்கு 1.3-லயே நிக்குது. ஏறிக்கிட்டே போனாத்தான் கவலை. இப்போ என் பயமெல்லாம் முட்டிவலிக்கு அவரா மெடிக்கல்ல வாங்குற டைக்ளோஃபெனாக் மேலதான். அது கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அலமாரியில இருந்த அட்டையைத் தூக்கிப் போட்டேன். இன்னும் கோபமா இருக்கார்.