பாதத்தைப் பார்க்கும் கண் இடுப்பையும் பார்க்கட்டும்



பாதம் உட்புறமாகத் திரும்பிய நிலையிற் பிறக்கும் குழந்தைகளை நீங்கள் கண்டிருக்கலாம். இக்குறையை வளைபாதம் என்பர். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று இவ்வாறு பிறக்கின்றது. இது கிரகணத்தின் விளைவுமன்று. எவருடைய பாவத்தின் பயனுமன்று. அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய வைத்தியர் பொன்செற்றி வகுத்த முறைப்படி, வாரந்தோறும் பாதத்தை மெல்லத் திருத்திப் பிளாஸ்ரர் கட்டுவதனால் இன்று இது பெரும்பாலும் சீராகிவிடுகின்றது.

எமது பாடசாலையிற் சேர்ந்த சிறுமி ஒருத்திக்கும் பாதம் சீராகியிருந்தது. ஆயினும் அவள் ஒருபுறம் சாய்ந்தே நடந்தாள். பாதக் குறையின் மிச்சம் என்றே தாயார் எண்ணியிருந்தார். எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தபோதோ, இடுப்பு மூட்டு விலகியிருப்பது தெரிந்தது. எல்லோரும் பாதத்தையே பார்த்திருந்தனர்.

ஆட்டுக்கல்லின் குழியுட் குழவி சுழல்வதுபோல, இடுப்பெலும்பின் குழியுள் தொடையெலும்பின் உருண்டைத் தலை சுழல்கின்றது. தலை உள்ளே அமர்ந்திருந்தாற்றான் குழியும் வட்டமாக வளரும். விலகியிருப்பின் குழி ஆழமின்றிப் போகும். வளைபாதத்தோடு பிறந்த பிள்ளைகளுட் பெரும்பாலோருக்கு இடுப்பு நன்றாகவே இருக்கும். எனினும் சிலருக்கு இரு குறைகளும் சேர்ந்து வரலாம். கைக்குழந்தைக்கு இதனால் நோவு இல்லை. ஆகவே அது அழுது அறிவிக்காது.

அப்படியாயின் அறிவது எங்ஙனம்? முழங்காலை மடக்கித் தொடைகளை விரிக்கும்போது ஒருபுறம் விரியாதிருத்தல், ஒரு கால் குட்டையாகத் தோன்றுதல், தொடை மடிப்புகள் ஒவ்வாதிருத்தல் ஆகியன அடையாளங்கள். இவை தோன்றாவிடினும், பிளாஸ்ரர் தொடைவரை மூடுவதனால், முதற் கட்டுப் போடுமுன்னரே இடுப்பையும் சோதிக்குமாறு வைத்தியரைக் கேளுங்கள். முதல் மாதங்களில் எலும்பின் தலை குருத்தாக இருப்பதனால், எக்ஸ்கதிரினும் ஸ்கான் படமே தெளிவு தரும்.

முதல் ஆறு மாதங்களுள் அறிந்தால், தொடைகளை விரித்து வைக்கும் வார்க்கச்சை ஒன்றே பலருக்குப் போதும். நடை பழகிய பின்னரெனிற் பெரும்பாலும் சத்திரசிகிச்சை வேண்டியதாகும்.

குழந்தையின் கால்களை நீட்டி இறுகச் சுற்றுதல் இடுப்புக்குத் தீங்கு. கால்களை விரித்து இடுப்பிற் சுமக்கும் எமது தாய்மாரின் வழக்கமோ மூட்டுக்கு இசைவானது.

கேட்பதற்குக் கூச வேண்டாம். இன்று கேட்கும் ஒரு கேள்வி, நாளை ஒரு பிள்ளையை ஓட வைக்கும்.