இரண்டாயிரம் ரூபாய் யார் கணக்கில்?

பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு அரசு ஏட்டில் கிட்டல் நகர் என்று பெயர். 1894-ல் கன்னட அகராதி தந்த ஜெர்மானியப் பாதிரியார் நினைவாக வைத்தது. ஆட்டோக்காரரிடம் சொன்னால் விழிப்பார். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இந்தப் பேட்டையில், பெயரைப் போலவே பணத்திலும் ஏடு ஒன்று சொல்கிறது, தெரு வேறொன்று சொல்கிறது.

கிருஹலட்சுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாகப் பதிவான பெண்ணுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் கர்நாடக அரசு தொடங்கிய திட்டம். வருமான வரி கட்டும் குடும்பங்களுக்குக் கிடையாது. கொடுப்பது அரசு. ஆனால் தேசியக் கணக்கில் 'அரசு நுகர்வுச் செலவு' என்ற தலைப்பில் இது ஏறாது. ஆசிரியர், போலீஸ்காரர், நர்ஸ் ஆகியோரின் சம்பளம், ஆஸ்பத்திரிக்கு வாங்கும் மருந்து, ஜீப்புக்குப் போடும் டீசல் இவைதான் அந்தத் தலைப்பில் வரும். ரொக்கமாகக் கொடுத்தது வெறும் கைமாற்றம். அந்தப் பெண் அதை எடுத்துப்போய் அரிசி வாங்கும்போதுதான் நுகர்வு. அதுவும் குடும்பங்களின் கணக்கில்.

2025 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட தற்காலிகக் கணக்குப்படி, 2024-25-ல் குடும்பங்களின் நுகர்வு 7.2 சதவீதம் வளர்ந்தது. அரசின் நுகர்வு வெறும் 2.3 சதவீதம். முந்தைய ஆண்டில் நிலைமை தலைகீழ்: 5.6, 8.1. மக்கள் தைரியமாகச் செலவழிக்கிறார்கள், அரசு கையை இறுக்கிவிட்டது என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். 2024 ஏப்ரல்-ஜூனில் தேர்தல் கெடுபிடியால் அரசு செலவு சுருங்கியது உண்மைதான். ஆனால் ரொக்கமாகப் போன அரசுப் பணம் முதல் எண்ணில் ஒளிந்திருக்கிறது.

இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. கிருஹலட்சுமிக்கு ஆண்டுக்குச் சுமார் 28,000 கோடி ரூபாய். நாட்டுக் குடும்பங்களின் மொத்த நுகர்வோ 200 லட்சம் கோடியைத் தாண்டியது. கடலில் ஒரு குடம். பிறகு தமிழ்நாடு 1,000, மகாராஷ்டிரம் 1,500 என்று குடங்கள் கூடின.

வீட்டுக்குள் வந்தால் அளவு மாறுகிறது. 2023-24 ஆய்வில் நகர்ப்புற இந்தியர் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் 28,000. அதில் 2,000 என்பது ஏழு சதவீதம். சராசரிக்குக் கீழே இருக்கும் வீட்டில் இன்னும் அதிகம்.

விலைவாசியும் குறுக்கே நிற்கிறது. 2025 ஏப்ரல் 1-ல் நந்தினி பால் லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறியது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 120 ரூபாய் கூடுதல். புள்ளிவிவரக்காரர்களுக்கு இது வளர்ச்சியல்ல. விலையேற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் சதவீதம் போடுகிறார்கள். காபி அதே ஒரு டம்ளர்தானே!

தவணைகள் தாமதமாவது பற்றி 2025-ல் சட்டமன்றத்திலேயே பிரச்சினை எழுந்தது. பணம் வராத மாதத்திலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறும். கடனுக்கு வாங்கிய அரிசியும் தேசியக் கணக்கில் நுகர்வுதான், வாங்கிய தேதியிலேயே.