உஷார்! அணை 136-ஐத் தொட்டால் போனைக் கீழே வையுங்கள்

மழை பிடித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே விசாரிப்புதான்: "அணையில எத்தனை அடி?" முல்லைப் பெரியாறு 136 அடியைத் தொட்டதும் இடுக்கிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை போகும். அன்றைக்கே நம் போன்களிலும் ஒரு வெள்ளம் வரும். அணை பிளந்து கேரளாவில் ஊர் ஊராக அடித்துக்கொண்டு போவதுபோல் கம்ப்யூட்டரில் செய்த வீடியோ. அதற்கடியில் நம் ஊர்த் தம்பி ஒருவர், முதலில் நல்லவிதமாகத்தான், "அணை பலமாக இருக்கிறது" என்று எழுதுவார். எதிர்ப்பக்கத்திலிருந்து, தமிழரை ஏளனம் செய்யும் 'பாண்டி' என்று ஒரு வார்த்தை வந்து விழும். அதற்கப்புறம் அவர் எழுதுவதை அவர் வீட்டுப் பெண்கள் படிக்க முடியாது.

இங்கேதான் உஷார் என்கிறேன். கூடலூர், லோயர் கேம்ப், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கில் போன் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். அந்த ஒரு கெட்ட வார்த்தையால் தண்ணீர் ஒரு அடிகூட ஏறாது. இறங்குவது அணைக்கான நம் வழக்கின் பலம்.

2011 டிசம்பரை லோயர் கேம்ப்காரர்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நவம்பரில், அணை உடைவதைக் காட்டும் 'டேம் 999' என்ற படம் வந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை. டிசம்பர் முதல் வாரத்தில் குமுளியில் மோதல். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் குமுளியைப் பார்த்து நடந்தது. மலையேறுவதற்கு முன் லோயர் கேம்ப்பில் போலீஸ் மறித்தது. 144 போட்டார்கள். ஐயப்ப சீசன் நேரம். இந்த வழியாகப் போகவேண்டிய பக்தர்கள் செங்கோட்டை வழியாகத் திருப்பிவிடப்பட்டார்கள். மேலே ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த நம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைந்தன. காலங்காலமாகச் சேர்ந்து பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்த நாட்கள் அவை.

அன்றைக்கு நம் ஊர்க் கைகளில் பெரும்பாலும் பட்டன் போன்தான். வாய்வழியாக வந்த வதந்திக்கே அந்தப் பாடு. இன்றைக்கு ஒருவர் லோயர் கேம்ப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிற வசவு, பஸ் மலையேறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட்டாகி கட்டப்பனையில் சுற்றுகிறது. 2011-ல் எடுத்த கலவர வீடியோவை 'இன்று காலை நடந்தது' என்று யாராவது போட்டால், தேதி பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எனக்கு ஆத்திரம் வருவது எதற்கென்றால், கையில் இவ்வளவு வைத்துக்கொண்டு நாம் வசவை எடுக்கிறோமே, அதற்குத்தான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று ஏற்று, 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 142 அடி தேக்குவதைத் தடுக்கக் கேரளம் 2006-லேயே கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லாது என்றும் சொன்னது. 1979-க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி வைத்து, கம்பிவடங்களை அடித்தளப் பாறைவரை இறக்கி நங்கூரமிட்டு, பின்புறம் கான்கிரீட் முட்டு கொடுத்தார்கள். சுண்ணாம்பு அணை என்று மட்டும் வீடியோவில் காட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் காட்டுவதில்லை. 2021 அக்டோபரில் 'அணையை அகற்று' என்ற ஹேஷ்டேக் ஓடி, நடிகர் பிருத்விராஜும் அதையே எழுதி, தேனியில் அவர் உருவபொம்மையை எரித்தார்களே, அந்த நாட்களில் கேரள சட்டசபையில் எழுந்து ஆபத்து எதுவும் இல்லை, பீதி கிளப்புகிறவர்கள்மேல் நடவடிக்கை வரும் என்று சொன்னவர் அவர்களுடைய அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன். இதைவிட நல்ல பதில் நமக்கு வேறு என்ன வேண்டும்? இதை இரண்டு வரியில் போட்டுவிட்டு நகர்ந்திருந்தால் போதும். நம்மில் எத்தனை பேர் போட்டோம்?

நான் போடவில்லை. அன்று ராத்திரி நானும் கொதித்துப்போய் ஒரு பதில் எழுதினேன். கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் மலையாளிகள் மொத்தப் பேரையும் சேர்த்து ஒரு வார்த்தை. விடிந்ததும் அழித்துவிட்டேன். அதற்குள் குமுளியில் எனக்குப் பல வருடப் பழக்கமுள்ள ஒரு வியாபாரி அதைப் பார்த்திருக்கிறார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டவர், அடுத்த தடவை 'சார்' என்றார். இன்றுவரை சார்தான்.

இன்னொன்றும் நடக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு பதிவுக்குப் பதில் குவியக் குவிய அந்த ஆப் அதை இன்னும் பல பேருக்குத் தூக்கிக் காட்டும். பதில் பாராட்டா வசவா என்று அது பார்ப்பதில்லை. நூறு பேர் பார்த்துவிட்டு மறந்திருக்கவேண்டிய பயமுறுத்தல் வீடியோவை நம் பையன்களே சண்டைபோட்டு ஆயிரக்கணக்கான பேரிடம் கொண்டு சேர்க்கிறார்கள். எதிராளி போட்ட விதைக்கு நம் தண்ணீர்.

எழுதியவர்மேல் வழக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும். மொழி, இனம், பிறப்பிடம் வைத்து இரு தரப்புக்கிடையே பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவு. மூன்று வருடம்வரை சிறை. பொய்த் தகவல் பரப்பிப் பகை கிளப்பினால் 353. ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தி எழுதினால் 79. ஜீரோ எஃப்ஐஆர் என்று இப்போது இருக்கிறது. குமுளியில் உள்ளவர் குமுளி ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். வழக்கு அங்கே நடந்தால் வாய்தாவுக்கு வாய்தா வேலையை விட்டுவிட்டு மலையேற வேண்டும். நம் பக்கம் போலீஸ் செலக்‌ஷனுக்கென்று விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! கிரிமினல் வழக்கில் சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட அந்த வேலைக்கு அது தடையாக நிற்கும். கைகால் வலிக்க ஓடிச் சேர்த்ததை ஒரு கட்டைவிரல் தட்டிவிடக் கூடாது.

அழித்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றால் தீர்ந்ததா? நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்வரை போயும் நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். சொந்தமாக எழுதிய வரிகூட இல்லை அது, வந்ததைப் பகிர்ந்ததுதான்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ரத்தம் கொதிக்கிறதா, பதிலைக் கமெண்ட் பெட்டியில் தட்டுவதில்லை. போனில் குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் அதில் தீர்ப்பும் தேதியும் மட்டும் மிஞ்சினால் போடுவேன். மிச்சமெல்லாம் அங்கேயே கிடக்கும். குரூப்பில் ஒருவர் சூடாக ஆரம்பித்தால் எல்லோர் முன்பும் மட்டம் தட்டாமல் தனியாகப் போன் போட்டு, "விடுப்பா, காலைல பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் முன்னால் திருத்தப்போனால் அவர் இன்னும் இரண்டு மடங்கு எழுதுவார். 'ரோட்டை மறிப்போம், காய்கறியை நிறுத்துவோம்' என்று எழுதுகிறவர்களை மட்டும் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காய்கறி விளைவது நம் தோட்டத்தில். மறிக்கிற ரோட்டில்தான் நம் சனம் கூலிக்குப் போகிறது.

மேலே பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை தாலுகாக்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களையும் மறந்துவிட வேண்டாம். இங்கிருந்து நாம் கொட்டுகிற வார்த்தைக்கு முகம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

விடிவதற்கு முன்பே லோயர் கேம்ப்பைத் தாண்டி தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக மலையேறும். தலைக்குத் துண்டு கட்டி, மடியில் தூக்குவாளியோடு, நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற பெண்களில் உங்கள் அத்தை இருக்கலாம், பெரியம்மா இருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் எழுதியது அவர்களுக்கு முன்னால் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போயிருக்கும்.