எந்த டைனோசரின் கடி பலமானது? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?



திருநெல்வேலியில் இருந்தாலென்ன, தெஹிவளையில் இருந்தாலென்ன, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்று டைனோசர் புகுந்துவிட்டது. மகன் "டைரனோசரஸ்தான் பலமாகக் கடிக்கும்" என்பான். மகள் "இல்லை, அலோசரஸ்தான்" என்பாள். கடைசியில் வழக்கு உம்மாவிடம் வரும். அடுப்படியில் நிற்கும் உம்மா, "அதெல்லாம் பொய்க்கதை, போய் ஓதுங்கள்" என்று விரட்டிவிடுவதும் உண்டு. அப்படி விரட்ட வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

டைனோசர்கள் பொய்க்கதையல்ல. அவற்றின் எலும்பும் பல்லும் முட்டையும் கல்லாய் மாறிக் கிடைத்திருக்கின்றன. ஆனால் நம் கிணற்றடியில் தேடிப் பயனில்லை. யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல், மயோசீன் எனப்படும் காலத்தது. அந்தக் காலம் தொடங்கியதே சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். டைனோசர்களோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன.

கடல் கடந்து இந்தியா போனால் கதை வேறு. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டுப் பாறைகளில் கிடைத்த ஒரு சிறு பல், டைனோசர் ஒன்றினுடையது என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. குஜராத்தில் பாலசினோருக்கு அருகே ரஹியோலி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1980களில் தோண்டியெடுத்த எலும்புகளை ஆராய்ந்து, ஊன் தின்னும் டைனோசர் ஒன்றுக்கு 2003இல் 'ராஜசோரஸ்' என்று பெயரிட்டார்கள். அவ்விடத்தைப் பாதுகாக்கவும், வருவோருக்கு விளக்கவும் பல்லாண்டுகளாக உழைத்து வருபவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. பாலசினோர் நவாப் குடும்பத்தைச் சேர்ந்த ஆலியா சுல்தானா பாபி என்பது அவர் பெயர். கிராமத்து மூதாட்டி ஒருவர் டைனோசர் முட்டையென்று அறியாமலே ஒரு கல்லால் மசாலா அரைத்துக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக அவர் கூறியிருக்கிறார்.

சரி, கடியின் பலத்துக்கு வருவோம். பலத்தை அளக்கும் அலகு நியூற்றன். ஒரு கிலோ பொருளின் பாரம் ஏறத்தாழ 10 நியூற்றன். உயிருள்ள பிராணியென்றால் கருவியைக் கடிக்க வைத்து அளந்துவிடலாம். 2012இல் வெளியான ஆய்வில் உவர்நீர் முதலையின் கடி 16,414 நியூற்றன் என்று பதிவானது. நம் நாட்டு நில்வளா கங்கையிலும் உள்ள அதே இனம்தான். ஒன்றரை தொன்னுக்கும் மேற்பட்ட பாரம் அது!

இறந்து மண்ணாகிப் போன டைனோசரை எப்படிக் கடிக்க வைப்பது? 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். ட்ரைசெராடொப்ஸ் என்னும் டைனோசரின் இடுப்பெலும்பில் டைரனோசரஸின் பல் பதிந்த தடம் இருந்தது. உலோகத்தில் அதே போன்ற பல் செய்து, மாட்டெலும்பில் அதே ஆழத்துக்கு அழுத்திப் பார்த்தார்கள். 6,410 முதல் 13,400 நியூற்றன் வரை தேவைப்பட்டது. 2012இல் கணினியில் தாடைத் தசைகளை அமைத்துப் பார்த்த வேறு ஆய்வாளர்கள் 35,000 முதல் 57,000 வரை என்றார்கள். 2017இல் மற்றொரு குழு 8,526 முதல் 34,522 வரை என்றது.

ஒரே பிராணிக்கு மூன்று கணக்கு! காரணம் இதுதான்: எலும்பு நம்மிடம் இருக்கிறது, தசை மக்கிப்போயிற்று. தசையை எவ்வளவு என்று வைக்கிறோமோ, அதற்கேற்ப விடை மாறுகிறது.

இனி அலோசரஸ். அதன் மண்டையோடு 55,000 நியூற்றன் வரை தாங்கும் என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் மகள் வென்றுவிடுவாள். ஆனால் அதே ஆய்வு, அதன் தாடை கடிக்கும் பலம் 805 முதல் 2,148 வரைதான் என்கிறது. தாங்கும் பலம் வேறு, கடிக்கும் பலம் வேறு. நம் ராஜசோரஸுக்கோ தாடையே கிடைக்கவில்லை. அதன் உறவினமான தென்னமெரிக்கக் கார்னோட்டோரஸுக்குச் சுமார் 3,300 என்று 2009இல் கணக்கிட்டார்கள். அதை வைத்து ஊகிக்கலாமே தவிர, உறுதி சொல்ல முடியாது.

ஆகவே, இதுவரையுள்ள கணக்குகளின்படி மகன் சொன்ன டைரனோசரஸுக்கே வெற்றி. ஆனால் "எத்தனை நியூற்றன்?" என்றால் ஒரே எண்ணில் பதில் இல்லை.

சகோதரிகளே, இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி வந்தால், "யார் சொன்னார்? யாரிடம் கேட்டார்?" என்று தொடரை ஆராய்ந்தார்கள். பிறகு சொல்லப்பட்ட விஷயத்தையும் எடைபோட்டார்கள். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் ஒழுக்கத்தை ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. மார்க்கச் செய்தியும் விலங்கியல் கணக்கும் ஒன்றல்ல. ஆனாலும் விசாரித்து ஏற்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

இனிப் பிள்ளை ஓர் எண்ணோடு ஓடி வந்தால் விரட்டாதீர்கள். "எந்த வருஷத்து ஆய்வு மகன்? எப்படி அளந்தார்களாம்? கடித்த பலமா, தாங்கிய பலமா?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். இன்று டைனோசரைப் பற்றி இப்படிக் கேட்கப் பழகும் பிள்ளை, நாளை கைத்தொலைபேசியில் வரும் வதந்தியையும், அயலாரைப் பற்றிய அவதூறையும் அப்படியே நம்பிப் பிறருக்கு அனுப்பிவிடாது.

இல்லாமற்போன ஒரு பிராணியின் தாடைக்குள் இத்தனை நுட்பத்தை வைத்தவன் அல்லாஹ். அதை ஆராயும் அறிவை நமக்குத் தந்தவனும் அவனே. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அவன் அருள்வானாக! ஆமீன்.